புறக்கடைக் கோழியும் வெள்ளைக் கழிச்சலும்: ஒரு நோய்ப்பெயரின் வரலாறு

1. முன்னுரை

நோய்களுக்கு மக்கள் இட்டு வழங்கும் பெயர்கள் மூவகைப்படும். நோய் புறத்தே காட்டும் குறியால் அமைவன ஒருவகை. நோய் கண்டறியப்பட்ட இடத்தால் அமைவன மற்றொருவகை. நோயை விளைக்கும் காரணத்தால் அமைவன மூன்றாம் வகை. மஞ்சட்காமாலை என்பது குறியாற் பெற்ற பெயர். மால்டாக் காய்ச்சல் என்பது இடத்தாற் பெற்ற பெயர். குடற்புழு நோய் என்பது காரணத்தாற் பெற்ற பெயர். இம்மூன்றும் ஒரே நோயின்மேல் வந்து கூடுமிடத்து, மக்கள் அறிவும் நூலோர் அறிவும் எவ்வாறு தொடர்பு கொள்கின்றன என்பதை நாம் நன்கு காணலாம்.

வீட்டின் பின்புறத்தில் வளரும் கோழிகளை ஓரிரு கிழமைக்குள் அழித்துவிடும் கொள்ளைநோய் ஒன்றைத் தமிழ் மக்கள் 'வெள்ளைக் கழிச்சல்' என்பர். கால்நடை மருத்துவ நூலோர் அதனை 'இராணிக்கெட் நோய்' என்றும் 'நியூகாசில் நோய்' என்றும் வழங்குவர். ஒரு காலத்தில் அதற்குச் 'சென்னைக் கோழிக் கொள்ளைநோய்' என்னும் பெயரும் இருந்தது. இப்பெயர்களின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரை அடுத்துள்ள கொரட்டூரை இவ்வாராய்ச்சிக்கு நிலைக்களமாகக் கொள்கிறோம். ஏரிப்பாசன ஊராக இருந்து நகரின் பகுதியாக மாறிய பின்னரும் வீட்டுக்கோழி அங்கு முற்றும் மறையவில்லை. மேலும், கால்நடை மருத்துவக் கல்வி தென்னாட்டில் வேரூன்றிய வேப்பேரியும் மாதவரமும் அதற்கு அணிமையில் உள்ளன.

நாம் நிறுவ விரும்புவது இது: குறியால் பெயர்பெற்ற நோய், அக்குறி தோன்றும்வரை காத்திருக்குமாறு மக்களைப் பழக்குகிறது. இந்நோய்க்கோ குறி தோன்றிய பின்னர் மருந்து இல்லை. ஆதலின் இப்பெயரின் வரலாறு சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. சிறுகுடும்பத்துப் பெண்களின் கைப்பொருளோடும் தொடர்புடையது.

2. இலக்கியத்தில் மனைக்கோழி

தமிழர் வாழ்வில் கோழிக்குரிய இடம் மிகப் பழமையானது. தொல்காப்பிய மரபியல், பெண்பாற் பெயர்களை வகுக்குமிடத்து, 'அளகு' என்னும் பெயர் கோழிக்கும் கூகைக்குமே உரியது என வரையறுக்கின்றது. பெண்கோழிக்கெனத் தனிப்பெயர் ஒன்றை வைத்து, அதன் வழக்கெல்லையையும் இலக்கணம் காத்தது என்றால், அப்பறவை மக்களின் கண்முன் எவ்வளவு அணுக்கமாக இருந்திருத்தல் வேண்டும் என்பது தெளிவு.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் செல்வவளத்தைக் காட்டுமிடத்து, முற்றத்தில் உலரும் உணவைக் கவரவந்த கோழியின்மேல் மகளிர் காதணியைக் கழற்றி எறிந்ததையும், அவ்வணி சிறுவர் உருட்டும் சிறுதேரை வழிமறித்ததையும் கூறுகின்றார். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய குறுந்தொகைப் பாட்டு ஒன்றிலோ, மாலைப்பொழுதில் வேலியருகே காட்டுப்பூனை வரக்கண்டு, அஞ்சிக் குழுமிய குஞ்சுகளைக் கூவியழைக்கும் தாய்க்கோழி உவமையாகின்றது. முன்னது புலவர் கண்ட நகர்முற்றம். பின்னது பெண்பாற் புலவர் ஒருவர் நோக்கி உணர்ந்த வீட்டுப்புறம். இரண்டிலும் கோழி மகளிர் ஆட்சிக்குட்பட்ட இடத்தில் நிற்பது கருதத்தக்கது.

சேவலின் நிலை வேறு. அது கொடியில் ஏறியது. உறையூருக்குக் 'கோழி' என்னும் பெயரையும் தந்தது. விழுப்புரம் பகுதியிலுள்ள அரசலாபுரத்தில், போரிட்டு இறந்த சேவலுக்கு எடுத்த நடுகல் கிடைத்துள்ளது. அதன் காலம் கி.பி. 5-ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பர். களத்தில் மாண்ட சேவலுக்குக் கல்லும் எழுத்தும் கிடைத்தன. புறக்கடையில் நோயுற்று மாண்ட பெட்டைக்கோழிக்கு ஒரு சொல்லே கிடைத்தது.

மாட்டுக்கும் குதிரைக்கும் வாகட நூல்கள் தமிழில் எழுந்தன. உழவுக்கு உரியது மாடு. படைக்கு உரியது குதிரை. அவற்றின் நோய் ஆண்மக்களின் தொழிலையும் அரசின் வலிமையையும் தாக்கிற்று. வீட்டுக்கோழியோ மகளிரின் 'சிறுவாடு' என்னும் சேமிப்பைச் சார்ந்தது. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் கணவன் கணக்கில் சேராமல் அவர்கள் கையிலேயே தங்கின. அப்பொருளைக் காக்கும் மருத்துவ அறிவு ஏட்டில் ஏறாமல் வாய்ச்சொல்லாகவே வழங்கியது. ஆதலின் அவ்வறிவை ஆராய்வார்க்குச் சொற்களே முதற்சான்று.

3. குறிகண்டு பெயரிட்ட முறை

நோயுற்ற கோழியைப்பற்றி மக்கள் வழங்கும் சொற்களை நிரல்படுத்திப் பார்ப்போம். பொதுப்பெயர் 'சீக்கு' என்பது. இஃது ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். எனினும் நாட்டுப்புற வழக்கில் முழுவதும் கலந்துவிட்டது. சோர்ந்து காணப்படும் மனிதரையும் 'சீக்குக்கோழி' என்று இகழும் வழக்கு உண்டு. இதனையடுத்து வருவது 'தூங்குதல்'. கோழி தூங்குகிறது என்று ஒரு பெண் பகற்பொழுதில் சொன்னால், அது நலமாக உறங்குகிறது என்று பொருளன்று. கூட்டத்தினின்று விலகி, இறகைச் சிலிர்த்து, கண்ணை மூடி, கழுத்தை உள்ளிழுத்து நிற்கிறது என்பதே பொருள். பகற்றூக்கத்தை நோய்க்குறியாகக் கண்ட இச்சொல் மிகக் கூரிய நோக்கின் பயன். இன்றைய கால்நடை மருத்துவரும் நோயின் முதற்குறியாகக் கொள்வது இதனையே.

மூன்றாவது 'இறக்கை தொங்கல்'; நான்காவது 'கொண்டை கறுத்தல்'; ஐந்தாவது 'இளைப்பு', அஃதாவது வாயைத் திறந்து மூச்சுவாங்குதல். ஆறாவது 'கழிச்சல்'. நோய் முற்றியபின் கால் விளங்காமற் போதலும் கழுத்து திருகிக்கொள்ளுதலும் காணப்படும். தோலிலும் கொண்டையிலும் கொப்புளம் தோன்றுவதை 'அம்மை' என்றனர். மனிதரின் அம்மையோடு ஒப்புமை கண்டு இட்ட பெயர் அது.

இவ்வாறு காணுமிடத்து, இராணிக்கெட் நோயின் குறிகளாக மருத்துவ நூல்கள் கூறுவனவற்றுள் பெரும்பாலானவற்றை மக்கள் வழக்கு முன்னரே பிரித்தறிந்து பெயரிட்டிருந்தது என்பது விளங்கும். எனினும் அவற்றுள் ஒன்றே நோய்க்குப் பெயராக நிலைபெற்றது. கூட்டைத் துப்புரவு செய்பவர் காலையில் முதலிற் காண்பது எச்சமே. அதன் நிறமாற்றம் யாவர்க்கும் எளிதிற் புலனாவது. ஆதலின் 'வெள்ளைக் கழிச்சல்' என்னும் பெயர் மற்றக் குறிகளைப் பின்தள்ளி முன்வந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

4. ஊர்ப்பெயர் பெற்ற வரலாறு

இந்நோய் நூலோர் கவனத்துக்கு வந்தது 1926-ஆம் ஆண்டில். அவ்வாண்டில் சாவகத்தில் கிரானவெல்டு என்பார் கோழிகளிடையே பரவிய கொள்ளைநோய் ஒன்றை விரித்தெழுதினார். அதே ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசில் நகர்ப்புறத்திலும் அத்தகைய நோய் தோன்றிற்று. அதனை ஆராய்ந்த டாயில் என்னும் அறிஞர் 1927-இல் தம் முடிபுகளை வெளியிட்டார்.

அக்காலத்தில் 'கோழிப் பெருங்கொள்ளை' என வேறொரு நோய் ஐரோப்பாவில் அறியப்பட்டிருந்தது. இத்தாலியில் பெரோன்சிட்டோ 1878-இல் அதனை விவரித்திருந்தார். நாம் இன்று பறவைக் காய்ச்சல் என்பது அந்நோயேயாகும். புறக்குறிகளை மட்டும் நோக்கின் இரண்டையும் வேறுபடுத்துதல் அரிது. டாயில் வேறொரு வழியை மேற்கொண்டார். ஒரு நோயினின்று பிழைத்த கோழிக்கு அந்நோய் மீண்டும் வாராது. ஆனால் மற்றைய நோய் வந்தது. ஆகவே இரண்டும் வெவ்வேறு நச்சுயிரியால் வருவன என்று முடிபு செய்தார். குறியால் பிரிக்க இயலாதவற்றை உடலின் எதிர்ப்பாற்றலால் பிரித்த இம்முறை, நோய் அறியும் வரலாற்றில் ஒரு திருப்பம் எனலாம்.

புதிய நோய்க்கு டாயில் இட்ட பெயரும் நம் ஆராய்ச்சிக்கு மிகவும் இயைபுடையது. குறியைச் சுட்டும் பெயரிட்டால் அது பிற நோய்களோடு மயங்கும் என்று கருதி, தற்காலிகமாக ஊர்ப்பெயரை அவர் இட்டார். தற்காலிகமாக வந்த அப்பெயர் உலகெங்கும் நிலைபெற்றுவிட்டது.

இந்தியாவில் இந்நோயை எட்வர்ட்ஸ் என்பார் 1928-இல் பதிவு செய்தார். இமயமலையின் குமாவுன் பகுதியிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரில் அது காணப்பட்டமையின் அவ்வூர்ப்பெயரே இந்திய வழக்காயிற்று. அதனை ஆராய்ந்த முக்தேசுவரம் ஆய்வு நிலையமும் அம்மலைப்பகுதியிலேயே உள்ளது.

தென்னாட்டின் பங்கும் இங்குக் குறிக்கத்தக்கது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தோன்றியது. 1924-இல் இந்தியக் கால்நடை மருத்துவ இதழ் சென்னையினின்று வெளிவரத் தொடங்கிற்று. அவ்விதழில் 1931-இல் கைலாசமய்யர் என்பார் 'சென்னைக் கோழிக் கொள்ளைநோய்' என்னும் பெயரில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். சென்னை வட்டாரத்துக் கோழிகளை அழித்த அந்நோயும் இராணிக்கெட் நோயும் ஒன்றே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. சென்னையின் பெயர் வழக்கொழிந்தது. ஆயின், கொரட்டூர் போன்ற சுற்றூர்களில் வெள்ளைக் கழிச்சல் எனப்பட்ட நோயும், ஆய்வுக்கூடத்தில் சென்னையின் பெயரால் ஆராயப்பட்ட நோயும் வேறல்ல என்பதற்கு அவ்வழக்கிழந்த பெயர் ஒரு சான்றாக நிற்கின்றது.

ஒரு செய்தியை இங்குச் சேர்த்துக் கூறுதல் வேண்டும். நச்சுயிரிகளுக்கு இருசொற் பெயரிடும் உலக முறைப்படி, 2023-இல் இந்நச்சுயிரி இனத்துக்குச் சாவகத்தின் பெயரைத் தாங்கிய அறிவியற்பெயர் அமைந்தது. கிரானவெல்டு முதலில் விவரித்த இடம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துப் பெயரில் இடம்பெற்றது. ஊரால் இடும் பெயர் நோயின் இயல்பைக் கூறுவதில்லை. எவர் எங்கே முதலில் நோக்கினர் என்பதையே கூறுகின்றது.

5. ஒரு நிறம், பல நோய்

இனி, குறிப்பெயரின் குறைபாட்டை ஆராய்வோம். பறவைக்குச் சிறுநீர் தனியே பிரிவதில்லை. சிறுநீரகத்தினின்று வரும் உப்பு வெண்மையான குழம்பாக எச்சத்தோடு கலந்து வெளிப்படும். நலமுள்ள கோழியின் எச்சத்திலும் வெண்ணிறப் படலம் இருப்பது இதனாலேயே. கோழி இரையெடாமல் நிற்குமாயின், எச்சத்தில் இரையின் சக்கை குறைந்து, வெண்ணிற உப்பும் பச்சைநிறப் பித்தநீருமே மிகும். ஆகவே வெண்மையும் பசுமையும் கலந்த கழிச்சல், கோழி உண்ணவில்லை என்பதைத் தெளிவாகக் காட்டும். எந்நோயால் உண்ணவில்லை என்பதைத் தானே காட்டாது.

இதனால் ஒரு பெயருக்குள் பல நோய்கள் அடங்கிவிட்டன. பிறந்து சில நாளே ஆன குஞ்சுகளுக்கு வெண்ணிறக் கழிச்சல் கண்டு பின்புறம் ஒட்டிக்கொள்ளும் நோய் ஒன்றுண்டு. ரெட்கர் என்னும் அமெரிக்க அறிஞர் 1900-இல் விவரித்த அந்நோய், சால்மொனெல்லா இனத்துப் பாக்டீரியாவால் வருவது. தாய்க்கோழியின் முட்டை வழியாகவே குஞ்சைச் சேர்வது. ஆங்கில வழக்கில் 'வெள்ளைக் கழிச்சல்' எனப் பொருள்படும் பெயர் அந்நோய்க்கே உரியதாயிற்று. தமிழிலோ அப்பெயர் இராணிக்கெட் நோய்க்கு வழங்குகின்றது. ஆங்கில நூலைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவர் இங்கு இடறுவர். ஒரே பொருளுடைய இரு பெயர்கள் இரு மொழியில் இரு நோயைக் குறிக்கும் இவ்விடம் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் கருத்திற் கொள்ளத்தக்கது.

கோழிக் காலரா என்பது மற்றொன்று. அதுவும் திடீர் இறப்பையும் பசுமஞ்சள் கழிச்சலையும் உண்டாக்கும், தாடி வீங்கும். அது பாக்டீரியாவால் வருவது. பாசுச்சர் 1879, 1880-ஆம் ஆண்டுகளில் இந்நோய்க் கிருமியின் பழைய வளர்ப்பைக் கோழிகளுக்குச் செலுத்தியபோதே, வலிகுன்றிய கிருமி நோயைத் தடுக்கும் என்னும் பேருண்மையைக் கண்டார். இரத்தக் கழிச்சல் என்பது, ஈரமான தரையில் வளரும் இளங்குஞ்சுகளின் குடலை ஓரணு உயிர்கள் தாக்குவதால் வருவது. அதன் நிறம் வேறாதலின் மக்கள் அதனைச் சரியாகவே பிரித்துப் பெயரிட்டனர்.

இந்நோய்களுக்குள் மருந்தின் பயன் பெரிதும் வேறுபடுகின்றது. இரத்தக் கழிச்சலுக்கு ஆம்புரோலியம், சல்பா முதலிய மருந்துகள் உண்டு. உரிய காலத்தில் கொடுத்துத் தரையை உலர்த்தினால் குஞ்சுகள் பிழைக்கும். காலராவுக்குப் பாக்டீரியாவை ஒழிக்கும் மருந்துகள் பயன்படும். அம்மைக் கொப்புளத்தில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது மக்கள் வழக்கம். அது நச்சுயிரியை ஒழிப்பதன்று. எனினும் தோலளவில் நிற்கும் அம்மை சில கிழமைகளில் தானே ஆறுவதாகும். வாய்க்குள்ளும் தொண்டையிலும் பரவும் அம்மையே உயிருக்கு இடராவது. இராணிக்கெட் நோயை உண்டாக்கும் நச்சுயிரியை ஒழிக்கும் மருந்தோ இன்றுவரை இல்லை. கடுமையான வகையாயின், தடுப்பூசி பெறாத கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் மாளும்.

கீழாநெல்லி, சீரகம், மிளகு, பூண்டு, சின்னவெங்காயம், மஞ்சள் ஆகியவற்றை அரைத்து உருட்டி வெள்ளைக் கழிச்சலுக்குக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. அதனால் பிழைத்த கோழிகளைப் பலரும் சான்று காட்டுவர். அச்சான்றைப் பொய் என்று ஒதுக்குதல் ஆராய்ச்சியாகாது. ஒரே பெயருக்குள் குணமாகும் நோயும் குணமாகா நோயும் அடங்கியிருந்தன. உண்ணாமையாலும் செரியாமையாலும் கழிந்த கோழி மருந்துக்குப்பின் தேறிற்று. மென்மையான வகை நச்சுயிரி தாக்கிய கோழியும், முன்னர் நோய்கண்டு பிழைத்து எதிர்ப்பாற்றல் பெற்ற கோழியும் தாமே தேறின. மருந்தின் புகழ் இவற்றால் வளர்ந்தது. கடுங்கொள்ளை வந்த ஆண்டில் அம்மருந்து கைவிட்டபோது, மக்கள் மருந்தைக் குறைகூறாமல் ஊழைக் குறைகூறினர். பெயரின் மயக்கமே மருத்துவத்தின் மயக்கத்துக்கும் காரணமாயிற்று என்பது எம் கருத்து.

6. தடுப்பின் வரலாறு

குறி தோன்றுமுன் காக்கும் வழி ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. முக்தேசுவரத்தில் ஹாடோ, இத்னானி ஆகிய இருவரும் இந்நச்சுயிரியைக் கருவுற்ற முட்டைகளில் மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் வலியைக் குறைத்து, தடுப்பூசிக்குரிய வகையை உருவாக்கினர். அவர்தம் ஆய்வு 1946-இல் வெளியாயிற்று. முக்தேசுவர வகை எனப்படும் அது இந்தியாவில் மட்டுமின்றிப் பிற நாடுகளிலும் பயன்பட்டது. ஆயினும் அது இளங்குஞ்சுக்குத் தாங்காது. எட்டு வாரம் கடந்த கோழிக்கே ஏற்றது. குஞ்சுகளுக்கு 'எஃப்', 'லசோட்டா' எனப்படும் மென்மையான வகைகள் பின்னர் வழக்கில் வந்தன. ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு துளி விடுதலும், எட்டாம் வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசியிடுதலும் இன்று பெருவழக்கு.

தமிழ்நாட்டில் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்து செய்யும் நிலையம் இராணிப்பேட்டையில் 1932-இல் நிறுவப்பட்டது. மாடுகளைக் கொன்ற வெக்கை நோயே அந்நிலையம் தோன்றக் காரணமாயிற்று. வெக்கை நோய் 2011-இல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. இந்நிலையம் கோழிக்கும் தடுப்பு மருந்து செய்துவருகின்றது. எனினும் மாட்டுநோய் ஒழிந்தவாறு கோழிநோய் ஒழிந்திலது. இதற்குக் காரணம் மருந்தின்மையன்று, அளவின்மை பொருந்தாமையேயாம். உறையவைத்து உலர்த்திய தடுப்பு மருந்தின் ஒரு குப்பி நூறு அல்லது அதற்கு மேற்பட்ட கோழிகளுக்கு உரியது. குளிரில் வைத்துக் கொண்டுவருதல் வேண்டும். கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் செலவிட்டுவிடல் வேண்டும். ஆயிரக்கணக்கில் கோழி வளர்க்கும் பண்ணைக்கு இது பொருந்தும். ஐந்து கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு எவ்வாறு பொருந்தும்?

இவ்விடரைத் தீர்க்கும் முயற்சியும் வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. ஆத்திரேலியாவின் குயின்சுலாந்தில் 1966-இல் பிரித்தெடுக்கப்பட்ட 'வி-4' என்னும் வகை வெப்பத்தைத் தாங்குவது, நோய் செய்யாதது. இசுப்பிராட்பிரோ என்னும் அறிஞரும் அவருடன் உழைத்தோரும் அதனையும், பின்னர் 'ஐ-2' என்னும் வகையையும் கொண்டு, ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் சிற்றூர்க் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து அளிக்கும் வழிகளை ஆராய்ந்தனர். தீனியில் கலந்து கொடுக்கும் முறையும் அவற்றுள் ஒன்று. 1989-இல் தோன்றி மாதவரத்தில் தலைமையிடம் கொண்டுள்ள தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் 'டி-58' என்னும் வகையைக் கொண்டு வாய்வழிக் குளிகை மருந்தை உருவாக்கியது. கோழியைப் பிடித்து ஊசியிடத் தெரியாத வீட்டார்க்கும் இரையாகவே தடுப்பைக் கொடுக்கலாம் என்பது இதன் சிறப்பு.

அரசின் கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரித் திங்களில் இருவாரத் தடுப்பூசி முகாம் நடத்தும் வழக்கமும் குறிக்கத்தக்கது. கோடையை ஒட்டி நோய் மிகும் என்பதால் அதற்குமுன் அம்முகாம் அமைகின்றது. அதன் பெயர் 'கோழிக் கழிச்சல் நோய்த் தடுப்பூசி முகாம்' என்பதாகும். 'வெள்ளை' என்னும் அடை இப்பெயரில் நீங்கியிருத்தலைக் காண்க. மக்கள் வழக்கின் மையச்சொல் நின்றது. மயக்கம் தரும் நிறம் நீங்கிற்று. அறிந்து செய்தாரோ அறியாது செய்தாரோ, இது நல்ல கலைச்சொல்லாக்கம்.

7. கொரட்டூர்

இனி, நாம் நிலைக்களமாகக் கொண்ட ஊருக்கு வருவோம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, மாதவரத்து இரட்டேரி ஆகிய மூன்றும் ஒன்றன் மிகைநீர் மற்றொன்றுக்குச் செல்லுமாறு தொடர்ந்து அமைந்தவை. ஏரிநீரால் நெல் விளைந்த காலத்தில், களத்து நெல்லும் பதரும் தவிடும் கோழிக்கு இரையாயின. 1856-இல் இராயபுரத்தினின்று மேற்கே சென்ற இருப்புப்பாதை இப்பகுதியின் வழியே அமைந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. வயல் மனையாயிற்று. அம்பத்தூர் நகராட்சியோடு கொரட்டூரும் 2011-இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது.

இம்மாற்றத்தால் கோழியின் வாழ்வும் மாறிற்று. களத்து நெல்லுக்குப் பதில் அடுக்களை மிச்சம் இரையாயிற்று. தோட்டமும் வேலியும் இருந்த இடத்தில் ஒட்டிய சுவர்கள் வந்தன. ஒரு வீட்டுக் கோழி மறுவீட்டுக் கோழியோடு கலப்பது முன்னினும் எளிதாயிற்று. முன்னர்த் தாய்க்கோழி அடைகாத்துப் பொரித்த குஞ்சே வளர்ந்தது; பின்னர்ப் பல ஊர்க் கோழிகளை ஒரே கூடையில் அடைத்து விற்பவரிடம் வாங்கும் பழக்கம் வந்தது. புதிதாக வாங்கிய கோழி நோயைத் தன்னுள் மறைத்துக் கொண்டுவரும். நோய் உட்புகுந்து குறி வெளிப்பட இரண்டு முதல் பதினைந்து நாள் வரையாகும்; பெரும்பாலும் ஐந்தாறு நாள். அந்நாட்களில் வெள்ளையும் இல்லை, கழிச்சலும் இல்லை. பெயர் பேசாத காலத்தில் நோய் பரவிவிடுகின்றது.

நோய் கண்டவுடன் எஞ்சிய கோழிகளை விரைந்து விற்றுவிடும் வழக்கமும் உண்டு. சிறுவாட்டில் ஒரு பகுதியையேனும் மீட்க முயலும் ஏழையின் செயல் அது. அதனைக் குற்றம் என்று இகழ்தல் எளிது. ஆயின் அவ்விற்பனை வழியாகவே நோய் அடுத்த தெருவுக்கும் அடுத்த ஊருக்கும் செல்கின்றது. இழப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறுகின்றதேயன்றிக் குறைவதில்லை.

ஆகவே இன்று கோழி வளர்ப்போர் கொள்ளவேண்டிய அறிவு இவ்வாறு அமையும். புதுக்கோழியை இரு கிழமையேனும் தனியே வைத்தல். ஏழாம் நாளிலும் எட்டாம் வாரத்திலும் தடுப்பு மருந்து அளித்தல். அண்டை வீட்டார் சிலர் கூடி ஒரே நாளில் தம் கோழிகளைக் கொணர்ந்து ஒரு குப்பியைப் பகிர்ந்து கொள்ளுதல். பகலில் தூங்கும் கோழியை அன்றே பிரித்து வைத்தல். இறந்ததை ஏரிக்கரையில் எறியாமல் ஆழப் புதைத்தல். பல கோழிகள் ஒருங்கே திடீரென இறப்பின் கால்நடை மருத்துவர்க்கு அறிவித்தல் இன்றியமையாதது. 2006-இல் மகாராட்டிரத்து நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதல் உறுதி செய்யப்பட்டபின், புறக்குறியை மட்டும் நம்பி இது வெள்ளைக் கழிச்சலே என்று அமைதல் மனிதர்க்கும் இடர் தரும். இராணிக்கெட் நோயும் மனிதரை முற்றும் விடுவதன்று. அது கண்ணில் பட்டால் சிலநாள் கண்சிவப்பை உண்டாக்கும் என்பதை பர்னட் என்னும் அறிஞர் 1943-இல் காட்டினார்.

8. முடிவுரை

இதுவரை ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன: வெள்ளைக் கழிச்சல் என்னும் பெயர் மகளிரின் நுண்ணிய நோக்கால் பிறந்தது. அது சுட்டும் குறி உண்மையானது; ஆனால் ஒரு நோய்க்கே உரியதன்று. ஊர்ப்பெயர்கள் மயக்கத்தை ஓரளவு நீக்கினும், மக்களுக்கு நோயின் இயல்பை உணர்த்தவில்லை. காரணப்பெயர் ஆய்வுக்கூடத்தைக் கடந்து புறக்கடையை எட்டவில்லை.

ஆதலின் மக்கட்பெயரை நீக்கிவிட்டு அயற்பெயரைத் திணித்தல் வேண்டா. அப்பெயர் நின்று, அதன் பொருள் திருந்துதல் வேண்டும். கோழி நோய்ச் சொற்களைத் தொகுக்கும் அகராதியாளர் 'கோழிக்கு வரும் ஒரு நோய்' என்று எழுதியமையாமல், எந்நோய், எக்குறி, எதனோடு மயங்கும் என்பவற்றையும் எழுதுதல் கடன். மேலும், தூங்கல், இறக்கை தொங்கல், கொண்டை கறுத்தல், இளைப்பு முதலிய சொற்கள் வட்டாரந்தோறும் எவ்வெவ் வடிவில் வழங்குகின்றன என்பதைத் தமிழ்த் துறை மாணவர் தொகுத்தல் வேண்டும். நாட்டுக்கோழி வளர்த்த மூதாட்டியர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அச்சொற்கள் அவர்களோடு மறைவதற்கு முன்னரே இதனைச் செய்தல் நன்று. கால்நடை மருத்துவர் நோயாளிப் பறவையோடு பேச இயலாது. அதனை வளர்ப்பவரோடே பேசுகின்றார். அவர் பேசும் சொல்லை அறிந்தாலன்றி நோயை விரைந்து அறிதல் இயலாது. சொல்லைத் தொகுக்கும் நம் பணி, ஐந்து கோழியும் அவற்றின் முட்டைக்காசுமே செல்வமாக உடைய வீடுகளுக்கும் பயன்படும் என்பது ஒருதலை.